நியூட்ரலுக்குப் போகும் கை

தூங்குவதற்கு முன் சின்னப்பனின் இடது கை ஒரு காரியம் செய்யும். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி மூச்சு சீராகும் நேரத்தில், உள்ளங்கை மெதுவாக எழுந்து முன்னால் ஒரு தள்ளு தள்ளும். வெறும் காற்றைத்தான். அதோடு உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும். அடுத்த நிமிடம் குறட்டை.

கல்யாணமான நாளிலிருந்து ராஜமேரி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் கொசு விரட்டுகிறார் என்று நினைத்தாள். பிறகு, சிலுவை போட ஆரம்பித்துப் பாதியில் தூங்கிவிடுகிறார் போல என்று நினைத்தாள். இடது கையால் யாரும் சிலுவை போடுவதில்லை என்பது உறைத்ததும் யோசிப்பதையே விட்டுவிட்டாள். அவரிடம் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால், தெரிந்த பதிலையும் சொல்ல முடியாமல் மேசையைப் பார்த்து நின்றவள் அவள். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

சின்னப்பன் முப்பத்திரண்டு வருடம் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிப் போனவர். மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த தக்காளி சாயங்காலம் மண்டிக்கு வரும். ராத்திரி வண்டி கிளம்பும். விடிவதற்குள் சேலத்தையோ கோயமுத்தூரையோ பிடிக்க வேண்டும். அந்தப் பிழைப்பில் போனது அவருடைய இடது முழங்கால். லாரியின் கிளட்சை நாளுக்கு ஆயிரம் முறை மிதித்த கால் அது. படியேறும்போது உள்ளே ஏதோ அரைபடும் சத்தம் ராஜமேரிக்கே கேட்கும். "இனி கிளட்ச் மிதிக்கிற வேலை ஆகாது" என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. அப்போதுதான் பாலக்கோட்டில் நிர்மலாதேவி டீச்சர் வீட்டில் டிரைவர் வேண்டும் என்று தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் கம்பி வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் சேலத்துக்குப் போய் முதுகுக்குப் பயிற்சி செய்து வர வேண்டும். ஓசூரில் இருக்கும் மகன் அருள்குமார், அம்மா உடம்பு அலுங்காமல் இருக்கட்டும் என்று கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கி நிறுத்தியிருந்தார். சின்னப்பன் முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து சொன்னது ராஜமேரிக்கு நினைவிருக்கிறது.

"ரெண்டே மிதி மேரி. எடது காலு மாமியாவூட்டுக்கு வந்தாப்ல சும்மா குந்திக்கினு வருது."

நாலு மாதம் நன்றாகப் போனது. பிறகு வண்டி தட்ட ஆரம்பித்தது. கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல ஒரு வெட்டு. டீச்சர் எதுவும் சொல்லமாட்டார். கதவுக்கு மேல் இருக்கும் பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். மகன் ஒருமுறை கூடவே வந்து பார்த்துவிட்டார்.

தர்மபுரி பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் குருவிடம் வண்டி போனது. லேப்டாப்பைச் செருகி, வண்டி கற்றுவைத்திருந்த பழைய கணக்கை அழித்து, தானே முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தான். பாலில் மிதப்பதுபோல வந்தது. பத்தாம் நாள் மறுபடியும் வெட்டு. இரண்டாம் முறையும் அதே கதை. அருள்குமார் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சின்னப்பண்ணா, இன்னொரு தடவ அம்மா இடுப்பப் புடிச்சிக்கிட்டு எறங்குனாங்கன்னா, வண்டிய வித்துட்டு டாக்சி பேசிடுவேன். தப்பா நெனைக்காதீங்க."

டாக்சி என்றால் டாக்சிக்காரனே ஓட்டிவருவான். அன்று சின்னப்பன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு கால் போன டிரைவரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?

மூன்றாம் முறை குரு வேறு யோசனை சொன்னான். "அண்ணா, நான் ஓட்டுனா நல்லா இருக்குது, நீங்க ஓட்டுனா கெட்டுப்போவுது. இந்தத் தடவ நீங்களே ஓட்டிப் பழக்குங்க. டீச்சர் உக்கார்ற எடத்துல யாரையாச்சும் உக்காரவெச்சி எத்தன வாட்டி தட்டுதுன்னு எண்ணச் சொல்லுங்க."

எண்ணுவதற்கு ராஜமேரி போனாள். மண்டியில் தக்காளி பொறுக்கும் வேலைக்கு அன்று லீவு சொன்னாள். கணவர் ஓட்டும் வண்டியில் அவள் ஏறுவது அதுதான் முதல் முறை. லாரியில் பொம்பளையை ஏற்ற முதலாளி விடமாட்டார். அவளும் கேட்டதில்லை.

பட்டறையில் குரு ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகினான். சின்னப்பனை பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்காரச் சொன்னான். வண்டி நகரவில்லை. ஆனால் அதன் வயிற்றுக்குள் டிக் என்றது, டக் என்றது, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் டக் என்றது.

"காலு எடுத்துடாதீங்கண்ணா, அது கியர ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்குது."

"என்னாத்துக்குப்பா தொட்டுப் பாக்குது?" என்று கேட்டது சின்னப்பன். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது ராஜமேரி.

குரு திரையைப் பார்த்தபடியே சொன்னான். "உள்ள ரெண்டு கிளட்ச்சிண்ணா. ஒண்ணு மூணு அஞ்சுக்கு ஒரு கிளட்ச், ரெண்டு நாலு ஆறுக்கு இன்னொண்ணு. ஒண்ணு வுடுற நேரத்துல இன்னொண்ணு புடிக்கணும். சீக்கிரம் புடிச்சாலும் தட்டும், லேட்டா புடிச்சாலும் தட்டும். கிளட்ச் தட்டு தேயத் தேய எங்க புடிக்கணும்னு அது கத்துக்கினே இருக்கும். இப்ப பழசெல்லாம் அழிச்சாச்சி. அது மறுபடி ஒண்ணாங்கிளாஸ்."

ராஜமேரிக்கு உடனே புரிந்தது. மண்டியில் தக்காளி நிரம்பிய பிளாஸ்டிக் கிரேட்டைக் கைமாற்றும்போது எதிரில் இருப்பவள் பிடித்த பிறகுதான் இவள் விட வேண்டும். ஒரு நொடி முந்தினால் கிரேட் கீழே, பிந்தினால் இரண்டு பேர் தோளும் இழுபடும். அதைச் சொல்ல நினைத்தாள்.

குரு வழி சொல்லி அனுப்பினான். சர்வீஸ் ரோட்டில் பத்து முறை நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முட்டையை மிதிப்பதுபோல மிதிக்க வேண்டும். ஆறாவது கியர் வரை போய், காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறையும் வரை விட வேண்டும். பிறகு தொப்பூர் கணவாயில் இறங்கி ஏறி வர வேண்டும்.

சர்வீஸ் ரோட்டில் பத்து முறையும் ஒன்றுமே இல்லை. ராஜமேரியின் மடக்காத விரல்கள் மடியிலேயே கிடந்தன. சின்னப்பன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"எத்தன?"

"ஒண்ணுங்கூட இல்லீங்க."

அவர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரிப்பு.

கணவாய் வந்தது. ரோடு கீழே சரிந்தது. முன்னால் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. நியூட்ரலில் வண்டி ஓட்டாதே என்று ஆளுயர எழுத்தில் பலகை நின்றது. அதைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் முதல் வெட்டு. ராஜமேரி சுண்டுவிரலை மடக்கினாள். அடுத்த வளைவில் இரண்டாவது. மூன்றாவது வந்தபோது வெட்டுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

சரிவு கண்ணில் பட்டதும் சின்னப்பனின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. உள்ளங்கை கவிழ்ந்தது. கியர் தடியை முன்னால், நியூட்ரலுக்கு, மெதுவாக ஒரு தள்ளு தள்ளியது. இன்ஜின் சத்தம் அடங்க, வண்டி தன் பாட்டுக்கு உருண்டது. அவர் தோள் தளர்ந்தது. சரிவு முடிந்த இடத்தில் கை தடியைப் பின்னால் இழுக்க, கால் ஆக்சிலேட்டரை அழுத்த, வண்டி ஒரு வெட்டு வெட்டியது.

ராஜமேரி முன்னால் குனிந்து பார்த்தாள். முப்பது வருடமாகக் கட்டிலில் பார்த்த கை அது.

கணவாய்க்குக் கீழே டீக்கடையில் நிறுத்தினார்கள். "எத்தன?" என்றார் மறுபடியும்.

"ஏழு."

"ஏழா? அப்ப அந்தக் குருவுக்கு ஒரு மண்ணும் தெரியல. கியர் பொட்டியே போயிருக்கும்." டீ கிளாஸை வைத்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். "அருள்குமாரு வித்துருவாரு. பேசாம செக்யூரிட்டி வேலைக்குப் போவ வேண்டியதுதான். ராவெல்லாம் நிக்கணும். இந்தக் காலை வெச்சிக்கினு."

சொல்ல வாயைத் திறந்தாள். சுற்றிலும் லாரிக்காரர்கள். வண்டியில் ஏறும்போது முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏன் முன்னால வர்ற?"

"பின்னால தலைய சுத்துது. இன்னொரு தடவ மேல போயி எறங்கலாங்க."

"இன்னொரு தடவயா? உனுக்கென்னா, டூரா வந்துக்கிற?"

முனகிக்கொண்டே போனார். மேலே திரும்பி மறுபடியும் இறங்கினார்கள். சரிவு தொடங்கும் இடத்தில் ராஜமேரி தன் வலது கையைக் கியர் தடிக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். அவர் கை இறங்கி வந்தது. அவள் விரல்களில் மோதியது.

"கைய எடு மேரி."

"நீங்க எடுங்க."

"நான் எங்க வெச்சிக்கிறன்?"

அவள் கண்ணால் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். தன்னுடைய கை, தடியின் மேல், தள்ளத் தயாராக. சட்டென்று ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனார். அடுத்த சரிவில் அது மறுபடியும் வந்தது. மறுபடியும் அவள் கையில் முட்டியது. மூன்றாம் முறை முட்டியதும் அவரே கையை எடுத்துக்கொண்டார். கீழே வந்து சேரும் வரை வண்டி ஒரு முறைகூடத் தட்டவில்லை.

ஓரமாக நிறுத்திவிட்டு, எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்தபடி பேசினார்.

"லோடு வண்டியில நியூட்ரல்ல வுட்டா ஒரு எறக்கத்துக்கு இவ்ளோன்னு டீசல் மிச்சமாவும், அந்தக் காசு எனுக்கு மேரி. நம்ம புள்ள ஜெனிஷா பள்ளிக்கூட பீசு அதுலதான் கட்டுனன். உசுர கையில புடிச்சிக்கினுதான் எறங்குவன். அப்பறம் பயமும் போயிடுச்சி. கை பாட்டுக்குப் போவும்." கியர் தடியைத் தொட்டுக் காட்டினார். "இதுல டீசலும் மிச்சமாவாது, ஒரு எழவும் ஆவாது. நான் போடுறதே எனுக்குத் தெரியல."

"தூக்கத்துல உங்க கை இப்பிடிப் போறத தெனம் பாக்குறன். எனக்கும் தெரியலதான்."

"வெளிய சொல்லிடாத. பொட்டி மேல தப்புன்னாகூட மன்னிப்பாங்க. டிரைவர் மேல தப்புன்னா அன்னிக்கே சாவிய வாங்கிப்பாங்க."

"சொல்லலன்னா பொட்டியக் கழட்டுவாங்க. புதுசு போட்டாலும் தட்டும். அப்பவும் சாவிய வாங்கிப்பாங்க" என்றாள் ராஜமேரி. கல்யாணத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் அவள் அவ்வளவு பேசியது கிடையாது.

குருவிடம் சின்னப்பனே சொன்னார். குரு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "மூணு வாட்டி மெஷினுக்குப் பாடம் எடுத்தங்கண்ணா. உங்க கைக்கு யாரு எடுக்கிறது?" பிறகு சிரிப்பை நிறுத்தி, ஓடுகிற வேகத்தில் நியூட்ரலிலிருந்து திரும்பினால் பெட்டி எந்தக் கியர் என்று தேடிப் பிடிக்க வேண்டும், அந்த அவசரத்தைத்தான் அது இத்தனை நாளும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது என்றான். இன்னொரு முறை எல்லாவற்றையும் அழித்தான். மறுநாள் ராஜமேரி முன் சீட்டில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு வர, வண்டி முதலிலிருந்து படித்தது.

சாவியைக் கொடுக்க இருவரும் டீச்சர் வீட்டுக்குப் போனபோது மகன் போன் ஸ்பீக்கரில் இருந்தார். "என்னாச்சுண்ணா, சரியாயிடுச்சா?"

சின்னப்பன் தரையைப் பார்த்தார். அவர் சொல்லப்போவதில்லை என்று ராஜமேரிக்குத் தெரிந்தது. எட்டாம் வகுப்பு மேசை கண் முன்னால் வந்துபோனது.

"வண்டி நல்லாதானுங்க இருக்குது" என்றாள். "இவரு கைதானுங்க எறக்கத்துல நியூட்ரலுக்குப் போவுது. லாரிப் பழக்கம். அவருக்கே தெரியாம போவுது. நான் முன்னால குந்திக்கினு வந்து பாத்துக்கறங்க."

போனில் குரல் உயர்ந்தது. "தொப்பூர்ல நியூட்ரலா? எங்கம்மாவ வெச்சிக்கிட்டா?"

நிர்மலாதேவி கட்டிலில் சாய்ந்தபடியே போனைப் பக்கத்தில் இழுத்தார். "அருளு, கொஞ்சம் இரு. டாக்சிக்காரன் கை எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா? இங்க என்னன்னாவது தெரிஞ்சுபோச்சு." பிறகு சின்னப்பனைப் பார்த்தார். குரலில் கனிவில்லை. "நாலு செவ்வாய்க்கிழமை பார்ப்பேன் சின்னப்பா. ஒரு தடவை தட்டினாலும் வண்டிய விக்கச் சொல்லிடுவேன்."

"சரிங்கம்மா."

அந்த நாலு செவ்வாய்க்கிழமையும் முடிந்து இப்போது ஐந்து மாதமாகிறது. வண்டி தட்டவில்லை. வெயில் நேரத்தில் தர்மபுரி ஊருக்குள் நெரிசலில் நகரும்போது லேசாக ஒரு நடுக்கம் வரும். கிளட்ச் தட்டு இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று குரு சொல்லியிருக்கிறான். முழங்காலில் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் வராதவளுக்கு வேலை இல்லை என்று மண்டியில் ராஜமேரியை நிறுத்திவிட்டார்கள். இப்போது பக்கத்துத் தோட்டங்களில் கூப்பிட்டால் போகிறாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு முன் சீட்டில் ஏறுகிறாள். தொப்பூர் பலகையைத் தாண்டியதும் கையைக் குறுக்கே வைக்கிறாள். அவர் கை இன்னும் இறங்கி வருகிறது. முன்போல வேகமாக இல்லை. அவள் விரலைத் தொட்டதும் திரும்பிப் போகிறது. சின்னப்பனுக்கு வேலை இருக்கிறது.