பச்சை டப்பா, நீல டப்பா, பூசணிக்காய்

குப்பைத் தொழில்ல போட்டிக்கு யாரும் வரமாட்டாங்க. யோசனை சொல்ல மட்டும் ஊரே திரண்டு வரும்.

நான் செல்வி. தினம் பெங்களூர் நீலசந்திராவுலேர்ந்து பஸ் பிடிச்சு ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போறேன். படிக்க இல்லைங்க. கேம்பஸ் பின்னாடி எட்டு சிமெண்ட் தொட்டி இருக்கு. ஹாஸ்டல் சாப்பாட்டு மிச்சத்தையும் காய்ஞ்ச இலையையும் அடுக்கடுக்காப் போட்டு உரமாக்கற வேலை. எனக்குக் கீழே அஞ்சு பொம்பளைங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் பேராசிரியர்கள் குடியிருப்பு. அங்கேர்ந்து "நாத்தம், நாத்தம்"னு புகார் போய்ப் போய், போன வருஷம் ஒரு கமிட்டியே போட்டுட்டாங்க. ஆயுத பூஜை முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை நேர்ல வந்து மோந்து பார்ப்போம்னு சொல்லிட்டாங்க. நாறினா தொட்டியை இடிச்சுட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்டு; எங்க ஆறு பேருக்கும் வேலை காலி. உங்க தலைமேலயும் இப்படி ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கும், அதனால என் கவலை உங்களுக்குப் புரியும்.

சமோசா படித்த பையன்

கேன்டீன் வாசல்ல பச்சை டப்பா, நீல டப்பா, சிவப்பு டப்பா மூணும் வரிசையா நிக்கும். எதுல எதைப் போடணும்னு தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும் எழுதி ஒட்டியாச்சு. ஒரு நாள் எஞ்சினியரிங் பையன் ஒருத்தன், கையில பாதி சமோசாவோட அஞ்சு நிமிஷமா அங்கயே நிக்கறான். பரீட்சையில கூட அவ்வளவு யோசிச்சிருக்க மாட்டான்.

"என்னப்பா சந்தேகம்?"னு கேட்டேன். "சமோசா பச்சை, சரி. பிளாஸ்டிக் தட்டுல சட்னி இருக்கே, அது எதுல? ஸ்பூன்லயும் சட்னி இருக்கே?"ன்னான். சட்னியைப் பச்சையில வழிச்சுப் போடு, தட்டையும் ஸ்பூனையும் கழுவி நீலத்துல போடுன்னு பொறுமையாச் சொன்னேன். அவன் டப்பாவைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பேசாம மிச்சத்தைத் தின்னுடறேன் ஆன்ட்டி, அதுதான் ஈஸி."

பிசிபேளாபாத்தில் பல் கிளிப்

ஒரு மத்தியானம் ஹாஸ்டல் பொண்ணு ஒண்ணு அழுதுகிட்டே ஓடி வந்துச்சு. பல் வரிசைக்குப் போடற கிளிப்பைச் சாப்பிடறப்போ கழட்டி டிஷ்யூவுல சுத்தி வெச்சிருக்கு. அப்புறம் அந்த டிஷ்யூவைத் தட்டு மிச்சத்தோட சேர்த்து டப்பாவுல கொட்டிடுச்சு. அன்னிக்கு மெஸ்ல பிசிபேளாபாத்து. மூணு டிரம் நிறைய இருக்கு.

திட்டலாம்னுதான் வாயைத் திறந்தேன். அது மூஞ்சியைப் பார்த்ததும் மனசு வரலை. எங்க முனியம்மாக்கா முழங்கை வரைக்கும் கையுறையை மாட்டிகிட்டு இறங்கிட்டாங்க. ரெண்டாவது டிரம் அடியில அகப்பட்டுது. பொண்ணு எங்க எல்லாரையும் கட்டிப் பிடிச்சுது, பிசிபேளாபாத்தோடயே. போனது திரும்பி வந்து என் காதுகிட்ட மெதுவாச் சொல்லுச்சு:

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி, அவங்க சேலத்துல இருக்காங்க."

மூக்கில் கர்ச்சீப்

புகார்க்காரங்கள்ல முதல் ஆள் ஒரு புரொபசர். மதில் ஓரத்து வீடு. நம்ம தமிழ் ஆளுதான், அதனால திட்டாவது தாய்மொழியில கிடைக்கும். தினம் சாயந்திரம் வாக்கிங் வர்றப்போ மூக்குல கர்ச்சீப்பை வெச்சுகிட்டு, "என்னம்மா, இன்னிக்கும் தாங்கலையே!"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவார்.

ஒரு தடவை உரத்தை எல்லாம் அள்ளித் தோட்டத்துக்கு அனுப்பிட்டு, எட்டுத் தொட்டியையும் கழுவி, சுண்ணாம்பு அடிச்சுக் காயப் போட்டிருந்தோம். அன்னிக்கும் வந்தார், அன்னிக்கும் கர்ச்சீப். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "சார், எட்டிப் பாருங்க, தொட்டி எல்லாம் காலி!"ன்னேன். எட்டிப் பார்த்தார். கொஞ்சம் யோசிச்சார்.

"அப்போ இது நேத்து நாத்தம்."

திருஷ்டி எல்லாம் நம்ம தலையில்

பெங்களூர்ல ஆயுத பூஜைன்னா சும்மாவா? லேப் வாசல்ல ஒரு பூசணிக்காய், லைப்ரரி வாசல்ல ஒண்ணு, பஸ்ஸுக்கு ஒண்ணு, ஜெனரேட்டருக்கு ஒண்ணு. எல்லாத்தையும் குங்குமத்தோட உடைச்சு, மறுநாள் டிராக்டர்ல எங்ககிட்ட கொண்டு வந்து கொட்டிட்டாங்க. தப்பு என்னுதுதான். வேண்டாம்னு வெளி லாரிக்கு அனுப்பியிருக்கலாம். "பாரு, இவங்களால முடியலை"ன்னு கமிட்டி சொல்லிடுமோன்னு வீராப்பா எல்லாத்தையும் தொட்டியில போட்டேன்.

பூசணிக்காய் முழுக்கத் தண்ணி. தண்ணியை உறிஞ்சக் காய்ஞ்ச சருகு வேணும். வாரம் பூரா மழை, சருகு எல்லாம் சொதசொத. வெள்ளிக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, தொட்டி தொட்டியாக் கூட்டு வெச்ச மாதிரி நிக்குது. அடிச்ச நாத்தத்துல எனக்கே கர்ச்சீப் தேடணும் போலிருந்துச்சு. திங்கக்கிழமைக்கு நடுவுல ரெண்டு நாள் இருக்கு, ஆனா கையில காய்ஞ்ச சருகு இல்லை. ஆறு பேர் வாயிலயும் நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனேன்னு தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டேன். முனியம்மாக்கா பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க.

"நாமளும் நல்லாயிருக்கணும்னு நம்ம கேட் வாசல்ல ஒரு பூசணி உடைச்சோமே செல்வி, நம்ம திருஷ்டி எங்க போச்சு?"

ரகசியக் காகிதம்

பரீட்சை செக்‌ஷன்ல பழைய விடைத்தாளை எல்லாம் மெஷின்ல நூல் நூலாக் கிழிச்சு, மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருப்பாங்க. நல்லாக் காய்ஞ்ச காகிதம். சருகு செய்யற வேலையை அதுவும் செய்யும். ஓடினேன். அங்க இருந்த ஆபீசர் கன்னடக்காரர், ஆனா தமிழ் தண்ணி பட்ட பாடு. "ஆகல்லம்மா, அதெல்லாம் ரகசியம்"னுட்டார். "சார், இடியாப்பம் மாதிரி இருக்கு, யார் படிக்கப் போறாங்க?"ன்னு கேட்டேன். "ஒட்ட வெச்சுப் படிச்சா?"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் மூட்டையை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். அப்புறம், தன் கண் முன்னாடி புதைக்கறதா இருந்தா தர்றேன்னார். சொன்ன மாதிரியே சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை ரெண்டு நாளும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். நாங்க தண்ணியை வடிச்சு, காகிதம் ஒரு அடுக்கு, பூசணி ஒரு அடுக்குன்னு கிளறிக் கிளறிப் போட்டோம். இடுப்பு கழண்டுடுச்சு.

திங்கக்கிழமை கமிட்டி வந்துச்சு. புரொபசர்தான் முன்னாடி. தொட்டி தொட்டியாக் குனிஞ்சார். எட்டாவது தொட்டியில கர்ச்சீப்பை எடுத்துட்டே மோந்தார். "ஒண்ணும் நாறலையே"ன்னார், ஏதோ இழந்துட்ட மாதிரி. தொட்டி இருக்கட்டும்னு கமிட்டித் தலைவர் சொன்னதும் நான் மறைவாப் போய் நின்னு ஒரு பாட்டம் அழுதேன். திரும்பி வந்து பார்த்தா, புரொபசர் ஒரு காகித நூலைக் கையில எடுத்து, "இது என் சிவப்பு மையாச்சே! என் கையெழுத்து!"ன்னு வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கறார். பரீட்சை ஆபீசர் பாய்ஞ்சு வந்து பிடுங்கினார்.

"கீழே போடுங்க சார், மறுமதிப்பீட்டுக்குத் தேதி முடிஞ்சாச்சு!"

இந்தத் தொழில்ல நல்லா வேலை செஞ்சா கிடைக்கற ஒரே பட்டம் "நாறலை"ங்கறதுதான். அதுக்கே நாங்க ஆறு பேரும் அன்னிக்குக் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம்.