ஒரு A கூடிப்போன காளை

கவின்! தேன்மொழி! அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டால், "வைஃபை மாட்டுவார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறீர்கள். அது சரிதான். சுங்கைப் பட்டாணி கடைகள், பெண்டாங் அரிசி ஆலை, தோட்டத்து ஆபீஸ் என்று போய், ஏணி போட்டு ஏறி, கேபிள் இழுத்து, ரௌட்டர் மாட்டி, லைன் வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவேன். இந்த வேலையில் என்னை அதிகம் பயமுறுத்தியது ஏணியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு ரோபோ. அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். பெரியவர்களாகி நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

1. பாத்துங்

மல்லிகா டீச்சரின் இடைநிலைப்பள்ளிக்கு நான்தான் வைஃபை போட்டவன். ஒருநாள் அவரே போன் செய்தார்.

"அண்ணே, ரோபோவுக்கும் லேப்டாப்புக்கும் ஒயர் இல்லாம லைன் போட்டுக் குடுக்கணும். போன வருஷப் போட்டியில எங்க ரோபோ நின்ன எடத்துலயே நின்னுச்சு. மத்த ஸ்கூல் பிள்ளைங்க இவங்கள 'பாத்துங்'னு கூப்பிடுறாங்க. இந்த வருஷமும் நின்னா ரோபோ கிளப்பை மூடிடுவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு."

பாத்துங் என்றால் மலாயில் சிலை. உங்களுக்குத் தெரியும்.

ரோபோவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் காளை. அதன் முதுகில் ஒரு சின்ன ரௌட்டரை, சிக்னல் கெடாதபடி மோட்டாரை விட்டும் இரும்புச் சட்டத்தை விட்டும் தள்ளி மாட்டினேன். ஓடும் ஆட்டத்தில் பவர் ஒயர் கழன்றுவிடாமல் இறுக்கிக் கட்டினேன். ரௌட்டர் KALAI என்ற பெயரில் சிக்னல் விடும். லேப்டாப் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கூட்டத்தில் வேறு லைனுக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக, அந்த ஒரு பெயரை மட்டும் தேடும்படி லேப்டாப்பில் வைத்தேன். குழுத் தலைவி ஷர்மிளா கெட்டிக்காரப் பெண். ரௌட்டர் செட்டிங் பக்கத்துக்குள் எப்படிப் போவது என்று அவளுக்கு நானே காட்டிக் கொடுத்தேன்.

பள்ளி கேண்டீனில் மேசைகளுக்கு நடுவே காளை நன்றாக ஓடியது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. போட்டியன்று யாரும் கூப்பிடாமலேயே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

2. டேவானில்

போட்டி நடந்த மண்டபம் பெரிய டேவான். உள்ளே காலெடுத்து வைத்ததும் கூட்டத்தைத்தான் பார்த்தேன். பெற்றோர், பிள்ளைகள், ஆளுக்கொரு போன், பாதிப் பேர் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பார்கள். இத்தனை சிக்னலுக்கு நடுவே நம்முடையது பிழைக்குமா? காலையில் டெஸ்ட் செய்தோம். ஓடியது. சரி என்று நாசி லெமாக் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது எங்கள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். விசில் ஊதும்போது ரோபோ லேப்டாப்போடு சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆட்டத்துக்குப் புள்ளியே கிடையாது. லேப்டாப்பைப் பார்த்தால், KALAI இல்லை.

ரௌட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஒயர் இறுக்கமாக இருந்தது. அணைத்துப் போட்டேன். இல்லை. என் போனை எடுத்து அங்கே என்னென்ன லைன் இருக்கிறது என்று தேடினேன். பட்டியல் நீளமாக ஓடியது. நடுவில் KAALAI என்று ஒன்று. வேறு பள்ளியும் காளை என்று வைத்திருக்கிறது போல என்று தள்ளிவிட்டேன்.

"யாரு இதுல கை வெச்சது?" என்று கத்திவிட்டேன்.

"யாரும் கை வைக்கல அங்கிள்," என்றார்கள் பிள்ளைகள்.

ஷர்மிளாவும் இல்லை என்று தலையை ஆட்டினாள். பக்கத்துக் களத்திலிருந்து எவனோ, "ஏய், பாத்துங் வந்துருச்சு லா!" என்றான். சிரிப்பு கேட்டது. மலாய்க்கார நடுவர் வந்து, "சிக்கு, சுடா ரெடி?" என்று, தயாராகிவிட்டீர்களா என்று டீச்சரிடம் மலாயில் கேட்டார். டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஷர்மிளா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க? ஒன்னொன்னா சொல்லும்மா. திட்ட மாட்டேன்."

"பேட்டரி மாத்துனோம். சக்கரத்தத் தொடச்சோம். டெஸ்ட் பண்ணோம். அப்புறம்… பேருல ஒரு A சேர்த்தேன்."

"எந்தப் பேருல?"

"வைஃபை பேருல, டீச்சர். அப்பா நியூமராலஜி பாப்பாரு. KALAIன்னா கூட்டுத்தொகை எட்டு வருது, ஆகாதாம். இன்னொரு A போட்டா ஒம்பது."

"ஏம்மா, கை வைக்கலன்னு சொன்னியே!" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "பேரைத்தானே அங்கிள் மாத்துனேன்? ரோபோவத் தொடவே இல்லையே!"

"எட்டு சனியோட நம்பர் லா," என்றான் ஜாய்ஸ்டிக் பிடித்திருந்த ரவின். "இப்ப சனி லேப்டாப்புல போயி உக்காந்துருக்கு."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை. KAALAI நம்முடையதுதான்! ரௌட்டரில் பழைய பெயரைப் போட்டால் அது அணைந்து எழ நேரமாகும். லேப்டாப்பில் புதுப் பெயரைத் தேடச் சொல்வது சுலபம்.

"பழைய பேரை வெச்சிடாதீங்க அங்கிள்," என்றாள் ஷர்மிளா.

"வைக்கலம்மா. உங்கப்பா கணக்குப் பேரே இருக்கட்டும்."

பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தேன். மறுபடியும் அடித்தேன். சேர்ந்துகொண்டது. விசில். காளை ஒரு குலுக்குக் குலுக்கி, நேராகப் போய் பந்தைத் தள்ளியது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து ஷர்மிளாவின் அப்பா ஓடி வந்தார். "பாத்தீங்களா அண்ணே, ஒம்பது வேலை செஞ்சிருச்சு!"

"ஆமாண்ணே," என்றேன். வேறென்ன சொல்ல?

கோப்பை கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு சக்கரம் கழன்று உருண்டு போனது. ஆனால் ஹெட்மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "நகந்துச்சுல்ல? கிளப் இருக்கட்டும். அடுத்த வருஷம் சக்கரத்தையும் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் கத்திய கத்தலில் நடுவர் திரும்பிப் பார்த்தார்.

3. கை வைக்காதவர்கள்

லைன் போன வீட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது, "யாரு கை வெச்சது?" எல்லாரும் "யாரும் வைக்கல" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்து வந்தேன். ரௌட்டரைச் சாமி மேடைக்குப் பின்னால் நகர்த்தியிருப்பார்கள். தூசி படும் என்று துணி போட்டு மூடியிருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கி அங்கே மீன் தொட்டியைச் செருகியிருப்பார்கள். அவர்கள் கணக்கில் அதெல்லாம் கை வைப்பது இல்லை. ஷர்மிளா கணக்கில் பெயர் மாற்றியது போலத்தான். திட்டுவது போலக் கேட்டால், இருப்பதும் வாயை விட்டு வராது. நீங்களும் ஒருநாள் யாருடைய பழுதையாவது பார்க்கப் போவீர்கள். என்ன கெட்டது என்று தேடும் முன்னால், என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பயப்படாமல் சொல்கிற மாதிரி கேளுங்கள்.

அன்று எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு, நான் வேனில் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். போலீஸ்காரர் விசாரிப்பது போல இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மெதுவாக, இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன்.