பங்காளி இல்லாத இரண்டு கிருமிகள்

குடகு எஸ்டேட்டில் கூலிவேலை முடித்து ஊர் திரும்பிய சிவனின் மகளை எங்கள் ஆஸ்பத்திரியில் ஜீப்பிலிருந்து இறக்கும்போதே கழுத்து விறைத்துப்போயிருந்தது. டாக்டர் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து என்னிடம் கொடுத்தார். தெளிவாக இருக்கவேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைக்கும் முன்பே லேப் டெக்னீஷியனான எனக்குத் தெரிந்துவிட்டது. மூளைக்காய்ச்சல். மறுநாள் குழந்தை போய்விட்டது.

இந்தக் கிருமி நோயில்லாதவர் தொண்டையிலும் சும்மா தங்கியிருக்கும். அவர் இருமினால் அடுத்தவருக்குப் போகும். அதனால் மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்த அவர்கள் ஊருக்கே தடுப்பு மாத்திரை கொண்டுபோனோம். ஊர்க்கவுண்டர் மறித்தார்.

“எங்களுக்கு எதுக்கு சார்? அது எஸ்டேட்டு நோவு. சிவன் வூட்டாண்ட யாரும் போவக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுட்டேன்.”

பின்னாலிருந்து ஒரு பெண், “மாத்திரைய அவங்களுக்கே குடுங்க, வயிறு ரொம்ப துன்னட்டும்” என்றாள். சிலர் சிரித்தார்கள்.

மாத்திரையை யாரும் வாங்கவில்லை; கட்டுப்பாட்டையே மருந்தென்று நம்பிவிட்டார்கள். சில நாளில் கவுண்டரின் பேரனே அதே காய்ச்சலில் விழுந்தான். பிழைத்தான், காது இரண்டும் போய்விட்டது. “சிவன் கொண்டாந்த நோவு” என்று ஊரே சிவன் வீட்டு முன் திரண்டது. குடும்பம் மலையிறங்கிவிட்டது.

இரண்டு குழந்தைகளின் கிருமியையும் வளர்த்து, ஜீனோம் சீக்வென்சிங்குக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தோம். கிருமிக்குள் இருக்கும் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து, எது எதற்கு எவ்வளவு நெருக்கம் என்று மரம்போல் வரைந்துவிடுவார்கள். வந்த படத்தைக் கவுண்டரிடம் கொண்டுபோனேன்.

கல்யாணப் பேச்சில் யார் யாருக்குப் பங்காளி என்று தீர்த்துச் சொல்கிறவர் அவர். ஒவ்வொரு கிளையாக விரலை ஓட்டினார்.

“இது சிவன் பொண்ணோடது. இது எம் பேரனோடது. ரெண்டும் ஒரு பாட்டன் வழி இல்லியே சார்! பங்காளியே கெடையாது. பொண்ணு குடுத்து எடுக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்போ எம் பேரனுக்கு யாராண்டேர்ந்து வந்துச்சி?”

“நல்லா இருக்கற யாரோ ஒருத்தர் தொண்டையிலேர்ந்துதாங்க. இன்னார்னு இந்தப் படம் சொல்லாது. உங்க வூட்டு ஆளாவும் இருக்கலாம்.”

அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாத்திரை போட்டிருந்தால் பேரன் தப்பியிருப்பானா என்று கேட்டார். தப்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அங்கேயே என் போனில் ஸ்பீக்கர் போட்டுச் சிவனைக் கூப்பிட்டார். “வந்துடுப்பா. உம் மேல தப்பில்லன்னு ரிப்போர்ட்டு வந்துகீது.”

சிவன் கத்தவில்லை. “எனக்கு அது அப்பவே தெரியுங்க. எம் பொண்ணப் பொதைக்க நானும் எம் பொண்டாட்டியும்தான் தூக்கினு போனோம். குழி வெட்ட ஒரு ஆளு வர்ல. அந்த ஊருக்கு இன்னாத்துக்குங்க வர்றது?”

வைத்துவிட்டான். அவர்கள் திரும்பவே இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சீக்வென்சிங் பொய் சொல்லாது, ஆனால் தாமதமாகத்தான் வரும். அது வரும்வரை ஊர் காத்திருக்காது. சாம்பிளை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு, மாஸ்க் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க அந்தச் சாவுக்குப் போய் நில்லுங்கள்.