சாகக் கூடாத சிப்பாய்

கௌரிசங்கருக்கு அபுதாபியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கணக்கு வேலை. சொந்த ஊர் திருச்சி. லீவு நாளில் மட்டும் அவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு சிப்பாய். கம்பளிக் கோட்டு, முக்கோணத் தொப்பி, மரத்துப்பாக்கி சகிதம் அல் ஐன் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், அந்தக் காலத்துச் சண்டையை நடித்துக் காட்டுவார். கூட்டத்தை நடத்துபவர் லூசியன் என்ற பிரெஞ்சுக்காரர். "எங்க ஊர் வரைக்கும் வந்து சண்டை போட்டவங்கதானே, நமக்கு உரிமை இல்லையா?" என்பார் கௌரிசங்கர். என்னத்தைச் சொல்ல! அவரோடு வேலை பார்க்கிற பாவத்துக்கு நானும் நீளப் பாவாடை கட்டி, முகாம் சமையல்காரியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

மனிதர் சாவதில் கெட்டிக்காரர். ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்டதும் சுழன்று விழுவார் பாருங்கள், கைதட்டலை அள்ளிவிடுவார். அந்த வீடியோ ஒருநாள் அவர் மனைவி பத்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. வீடு ரெண்டுபட்டது. "விளையாட்டுக்குக்கூட சாகக் கூடாது. இனிமே விழுந்தீங்க, இந்தக் கூத்து கலாஸ்!" என்றுவிட்டாள். பாவம், அவருக்கு இருக்கிற ஒரே ஆசை இதுதான். போன சனிக்கிழமை காவலுக்கு அவளே கூட வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சண்டை தொடங்கியது. முதல் வெடிக்கு முன்வரிசை விழுந்தது. கௌரிசங்கர் நின்றார். அடுத்த வெடிக்கு லூசியனே விழுந்தார். அப்போதும் நின்றார். பிரெஞ்சுப் படை மொத்தமும் மணலில் சுகமாகப் படுத்துக்கொள்ள, இவர் மட்டும் நட்டுவைத்த மாதிரி நிற்கிறார். கடைசி ஆள் விழுந்தால்தான் எதிரிப்படை முன்னேற முடியும், எல்லாருக்கும் சாப்பாடு. ஸ்பீக்கர் அதுபாட்டுக்கு வெடித்துக்கொண்டிருந்தது. செத்துக்கிடந்த லூசியன் "ப்ளீஸ் கௌரி, ப்ளீஸ்" என்று முனகினார்.

பத்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, சொன்ன சொல் தவறல" என்று என்னை இடித்தாள். ஆனால் வெயில் ஏறிவிட்டது. கம்பளிக் கோட்டுக்குள் வெந்து, அவருக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. பத்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சட்டென்று எழுந்தாள்.

"ஏங்க! போதும், விழுங்க!"

"நிஜமாவா?" என்று அவர் அங்கிருந்தே கேட்டார்.

"அட, செத்துத் தொலைங்களேன்!"

கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவரோ ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பி பறக்க, அம்சமாக விழுந்தார். பண்ணையே கைதட்டியது. பத்மா மட்டும் அழுதுகொண்டே தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கோவமா?"

"அடுத்த தடவை முதல் வெடிக்கே விழுந்துடணும், சொல்லிட்டேன்" என்றாள் பத்மா.