விளக்கடியில் என் பெருவிரல்

கசினோ மேசையில் காசுக்குப் பதிலாக அடுக்குவார்களே, அந்த வட்டச் சிப்புக்கு விளிம்பு சீவுவதுதான், லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் என் வேலை. நான் சூதாடுவதில்லை. காசில்லாமல் சும்மா ஆடும் முந்நூற்றிநாலு சீட்டாட்டத்திலேயே என்னைச் சோடி சேர்க்க ஆளில்லை.

அச்சிலிருந்து வரும் சிப்பின் ஓரத்தில் பிசிர் இருக்கும். கடைசல் மெஷினில் பிடித்துச் சீவ வேண்டும். கூடச் சீவினால் சிப் சிறுத்துவிடும், குறையச் சீவினால் விரலில் தடக்கும். பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்தால், சாம்பல் பூத்த கறுப்பு, மழையில் நனைந்த தார் ரோட்டுப்போல மினுங்கும்.

தூள் கலக்கும் அறையில் வருசக்கணக்காகத் தும்மிய எனக்கு இந்த இடம் பரீட்சைக்குத்தான் கிடைத்தது. முதல் தொகுதியைக் கசினோக்காரர் ஏற்றால் நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் தூள், திரும்பவும் தும்மல்.

கசினோவிலிருந்து ஒரு பெண் பார்க்க வந்த அன்று மத்தியானம், புட்டையும் சொதியையும் கையால் குழைத்துச் சாப்பிட்டேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், பொய்யில்லை. பிறகு கடைசி அடுக்கைத் துடைத்து முடித்தேன்.

கள்ளச் சிப்பைப் பிடிக்க நடு லேபிளில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை உண்டு. புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும். அந்தப் பெண் விளக்கைப் பிடித்தார். முத்திரை ஒளிர்ந்தது. பக்கத்தில், அதைவிடப் பிரகாசமாக, ஒரு பெருவிரல் ரேகை.

"இது புதுப் பாதுகாப்பு அடையாளமா?"

அச்சு மெஷின் அண்ணை, பாரிஸில் இருந்து வந்தவர், என் காதுக்குள் சொன்னார்: "ஓம் எண்டு சொல்லடா. கூடக் காசும் கேள்."

"சொதி மஞ்சள். இந்த விளக்கில் அதுவும் ஒளிரும்போல," என்றேன் நான். "என் மத்தியானச் சாப்பாடு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இன்னும் சிலவற்றிலும் என் விரல் மின்னியது. தூள் அறைக்குப் போகாமலே எனக்குத் தும்மல் வந்தது.

விளக்கை அணைத்துவிட்டு அவர் சிப்புகளை அடுக்கினார். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். எங்கும் தடக்கவில்லை. அடுக்கைத் திருப்பி மறுபடி இழுத்தார்.

"விளிம்பு யார் சீவியது?"

"விரல்காரன்தான்," என்றார் அண்ணை.

"விரல் பட்டதை நொறுக்குங்கள், மிச்சத்தை எடுக்கிறேன்," என்றவர் முதலாளி பக்கம் திரும்பினார். "இனி எங்கள் விளிம்பை இவரே சீவட்டும். கையுறையோடு."

இல்ஃபோர்ட் வீட்டில் மனிசியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"கை ஒழுங்காக் கழுவேல்லை எண்டதை இவ்வளவு பெருமையாச் சொல்லுற மனுசனை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"அதை விடுமப்பா," என்றேன். "நகம் தடக்கேல்லை!"