முதல் அட்டைக்கு மட்டும் இரண்டு செக்கன்

சென்ற ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாலை 4.20. 6 × 4 – 2 செக்கன். 7 × 8 – 6. 9 × 6 – 7. 8 × 4 – 6. போதாது. வியாழன் முதல் சின்னவர்களோடு."

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், வாரத்தில் இரண்டு நாள் அயல் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு பழக்குகிறேன். யோசிக்காமல் விடை வரவேண்டும் என்பதுதான் நோக்கம். அட்டையைப் புரட்டிக் காட்டுவேன், போனில் செக்கன் ஓடும். எதையும் திகதி, நேரத்தோடு குறித்து வைப்பது என் பழைய பழக்கம். நேரம் வீணாகக்கூடாதென்று, முந்திய விடையின் செக்கனை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கையால் அடுத்த அட்டையைப் புரட்டிவிடுவேன்.

அந்தக் குறிப்பு பாமன்கடைப் பக்கமிருந்து வரும் ஒரு சிறுமியைப் பற்றியது. தரம் நான்கு, பெரியவர்களின் மேசை. சின்னவர்களின் மேசையில் அவளுடைய சொந்தத் தங்கை இருக்கிறாள். அது தெரிந்திருந்தும், இவளையும் அங்கே மாற்றுவதாகத் தாய்க்குத் துண்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

வியாழன் வந்தாள். பையை மடியில் வைத்தபடி சின்ன மேசையில் உட்கார்ந்தாள்.

"அக்கா இப்ப எங்கட வகுப்பு!" என்று தங்கை கூவ, எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவில்லை.

பெரியவர்களுக்கு அட்டை காட்டத் தொடங்கியதும் பேனை நின்றுவிட்டது. உதறினேன், ஊதினேன், எழுதவில்லை. சரி, இன்றைக்குக் குறிப்பு வேண்டாமென்று கொப்பியை மூடிவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அட்டைகளைப் புரட்டினேன். 7 × 8 வந்தது. "ஐம்பத்தாறு" என்று சின்ன மேசையிலிருந்து குரல். 9 × 6. அதற்கும் அங்கிருந்துதான். பெரியவர்கள் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டாள். அவள் முன்னால் போய் நின்று பத்து அட்டை காட்டினேன். செக்கன் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"அப்ப செவ்வாய்க்கிழமை ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்க எழுதிக்கொண்டிருந்தனீங்க, டீச்சர்."

"அதுக்கு?"

"பெரியாக்கள் எழுதேக்க குழப்பக்கூடாதெண்டு அம்மா சொன்னவ. நீங்க நிமிருமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

"லூசு! டீச்சர் ஒருநாளும் எழுதி முடிக்கமாட்டா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு கொப்பியைத் திறந்து அவளுடைய பழைய குறிப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு முதல் அட்டை இரண்டு செக்கன்தான். அதற்கு முன் நான் எழுத எதுவும் இருந்ததில்லை. இரண்டாவது அட்டையிலிருந்து ஆறு, ஏழு. நான் அளந்தது என் பேனையின் வேகத்தை.

அவளைப் பழைய மேசைக்கு அனுப்பிவிட்டு, வகுப்பு முடிந்ததும் அக்கா தங்கை இருவரோடும் வீடுவரை நடந்து போய்த் துண்டைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாளாக மகளை இருத்தி வாய்ப்பாடு பாடமாக்க வைத்திருக்கிறார் தாய். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்ததாம். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்குமெண்டு விட்டிட்டன், டீச்சர்" என்றார். கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கொப்பிகளை எடுத்தேன். அதற்கு முந்திய வருடம், கொட்டாஞ்சேனையிலிருந்து தாயோடு பஸ்ஸில் வந்த ஒரு சிறுமி. முதல் அட்டை இரண்டு செக்கன், பிறகு ஐந்து, ஆறு, ஆறு. அவளையும் சின்னவர்களோடு இருத்தினேன். மூன்றாம் வாரம் வரவில்லை, பிறகும் வரவில்லை. கொப்பியிலிருந்த போன் இலக்கத்துக்குப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். பாவனையில் இல்லை என்கிறது.

இப்போது பிள்ளைகள் விடை சொல்லும்போது நான் பேனையைத் தொடுவதில்லை. ஆனாலும் அந்தப் பழைய பக்கத்தை மூடிவைக்க முடியவில்லை. அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "இவளும் நான் நிமிரும்வரை காத்திருந்தாளா? இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை."