பெரிய மணிக்கு வந்திருக்கு

நேற்று அண்ணன் மகள் லேப்டாப்பில் ஏதோ இறக்கிக்கொண்டிருந்தாள். நீலக் கோடு ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து, முடியப்போகிற இடத்தில் நின்றுவிட்டது. "ஹேங் ஆயிட்டு அத்தை" என்று கையை நீட்டினாள். "தொடாத. பெரிய மணிக்கு வந்திருக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் ஒரு கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளங்கவில்லை. கேட்டவர்களிடம் 'மிஷினுக்கு டீச்சர்' என்று சொல்லிச் சமாளித்தாள். பீரோ அளவுக் கம்ப்யூட்டர், உப்புக்காற்றுக்குப் பயந்து குளிரறைக்குள் பூட்டிக் கிடந்தது. வெளியறையில் ஒரு டெலிபிரிண்டர். அதில் கட்டளையை அடிப்போம். பதிலும் அதே தாளில் அடித்து வரும். சூடான மெஷின் எண்ணெய் வாசம், யாராவது கதவைத் திறந்தால் கருவாட்டு வாசம். இன்றும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டால் எனக்குக் கருவாடு ஞாபகம் வரும்.

எந்த மூட்டை கப்பலின் எந்த அறைக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்வது என் புரோகிராம். ஓடி முடிக்க நெடுநேரமாகும். அதுவரை டெலிபிரிண்டர் வாயைத் திறக்காது. மேனேஜர் ஏரல்காரர், வாய்க்கால் தண்ணீர் வயலில் ஏறுவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். அந்த அமைதி அவருக்கு ஒத்துவரவில்லை. "நின்னுட்டும்மா" என்று முதல் இரண்டு கப்பலுக்கும் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "அடுத்ததுக்கும் இப்படின்னா கிளார்க்குமாரே எழுதட்டும். நீ டைப்பிங் செக்ஷனுக்குப் போயிரு" என்றார்.

அழவில்லை. ஒரு தாளில் எழுதினேன்: புரோகிராம் சரி. மிஷின் சரி. நடப்பது மேனேஜருக்குத் தெரியவில்லை. இந்த மூன்றாவதைச் சரிசெய்யப் புரோகிராமில் ஏழெட்டு வரிகள் போதும். மொத்த வேலையை ஐம்பது பங்காக்கி, பங்கு முடிய முடிய ஒரு நட்சத்திரம் அடிக்க வைத்தேன். மிஷின் ஒரு தடவைக்குப் பத்துப் பங்கைத்தான் தாங்கும். எனவே வரிக்குப் பத்து.

டெலிபிரிண்டரில் உட்காரும் பிலோமினா எட்டிப் பார்த்தாள். "ஏளா, அஞ்சு பத்து! இது செபமாலைல்லா?"

அடுத்த கப்பல் வந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். டக். டக். பத்து நட்சத்திரம் விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பத்தையும் மிஷின் உள்ளே வரிசைப்படுத்துகிறது, அதற்கு நேரமாகும். எல்லாவற்றையும் பட்டியல் போடுகிற நான் அதை மட்டும் மறந்திருந்தேன். அவர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"சார், கைய எடுங்க" என்றாள் பிலோமினா. "செபமாலைல பத்து சின்ன மணி முடிஞ்சா பெரிய மணில்லா? அதுக்கு வேற செபம். கொஞ்சம் நிக்கத்தான் செய்யும்."

"மிஷினு செபம் சொல்லுதாக்கும்?"

"அது பொறுமையாத்தான் சொல்லுது. நமக்குத்தான் பொறுக்க மாட்டேங்கு."

டக்.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்காவது பத்து முடிந்து சத்தம் நின்றபோது உள்ளே வந்த கிளார்க் ஒருவர், "என்ன சார், நின்னுட்டா?" என்று டெலிபிரிண்டரை நெருங்கினார். மேனேஜர் பாய்ந்து மறித்தார். "ஏலே, தொடாத! பெரிய மணிக்கு வந்திருக்கு."

சாயங்காலம் மூட்டை ஏற்றிய தோணிகள் பட்டியலோடு கப்பலுக்குப் போயின. டைப்பிங் செக்ஷன் எந்தப் பக்கம் என்று நான் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

அந்த டெலிபிரிண்டர் காயலான் கடைக்குப் போயிற்று. பிலோமினா கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போனாள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அந்த அறையில் ஒரு நட்சத்திரம் விழுந்தால் எல்லோரும் சேர்ந்து மூச்சு விடுவோம்.

அண்ணன் மகளின் கோடு எப்போது முடிந்ததென்று எனக்குத் தெரியாது. நான் 'டக்' சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.